நாலாவது ஆள்

மாடிப்படி முடிகிற இடத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை போய், தொட்டியைச் சுற்றிக்கொண்டு, கொடிக்கயிற்றுக்குத் தலையைக் குனிந்து, மேற்குச் சுவரை ஒட்டியே நடந்தால் மறுபடியும் மாடிப்படி. அம்சவேணி ஏறிக்கொண்டிருந்த மலை இதுதான். ஒரு வாரம் மலையில் நடக்க வேண்டுமென்றால் முதலில் மாடியில் நட, பையில் அரிசியைப் போட்டுக்கொண்டு நட, புது ஷூவோடு நட என்று பிலோமினா போனில் சொல்லியிருந்தாள். பிலோமினா சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து காலமெல்லாம் பிள்ளைகளை ஓடவிட்டே ரிட்டயர் ஆனவள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் இன்னும் தளத்தை விட்டு இறங்காத நேரத்தில், சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, அதற்குக் கீழே வெள்ளை ஷூ பளபளக்க, முதுகில் கணவருடைய பெரிய பச்சைப் பையை மாட்டிக்கொண்டு ஐம்பத்திரண்டு வயது மனுஷி சுற்றிச் சுற்றி வந்தாள். நேற்றே கட்டிவைத்த சாமான்கள் பைக்குள் இருந்தன, கனம் போதாதென்று அவற்றின் தலைமேல் ஒரு அரிசிப் பையையும் திணித்திருந்தாள். பிலோமினா பத்துக் கிலோ தூக்க முடியுமா உன்னால் என்று கேட்டபோது அம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷமாக எழுபது கிலோவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கக்கூசுக்கும் தூக்கிக்கொண்டிருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது. எழுபது கிலோ கீழே படுத்திருந்தது. திருமலைசாமி, மின்வாரியத்தில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய மனுஷன், பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்து, பேச்சு மட்டும் பாதி திரும்பி வந்து, பகலெல்லாம் அந்தக் கட்டிலில் கிடந்தார். கட்டில் சட்டத்தில் பழைய சைக்கிள் மணி ஒன்றைத் திருகி வைத்திருந்தாள். வேண்டுமென்றால் இடது கையால் அடிப்பார். அது அடிக்கிறதா என்று ஒரு காதைக் கீழே விட்டுவிட்டுத்தான் மாடிக்கு வந்திருந்தாள், இன்னொரு காதுதான் அவளோடு சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பிலோமினாவின் கணவர், இவருடைய பழைய மலைக் கூட்டாளி அருளப்பன் வருவார். வந்து, என்னம்மா முடிவு பண்ணினே என்பார். நாளைக்கு வனத்துறை ஆபீசில் போகிறவர்கள் பெயரைக் கொடுத்தாக வேண்டும். வருகிறேன், அல்லது வரவில்லை. ஒரு வார்த்தை, அதைச் சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விடலாம், அதை ஏன் மூன்று நாளாகத் தள்ளிப்போடுகிறோம் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் பொய். தெரியும். தெரிந்ததைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தாள்.

மேற்குச் சுவருக்கு வரும்போதெல்லாம் மலை தெரிந்தது. தூரத்தில் நீலமாய், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு. அங்கேதான். திண்டுக்கல்லில் காலை இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினால் பத்து மணிக்கு ஆடலூர். வண்டியை அங்கே அருளப்பனுக்குத் தெரிந்தவர் தோட்டத்தில் போட்டுவிட்டு நடை. பன்றிமலைப் பக்கம், பாச்சலூர்ப் பக்கம், காப்பித் தோட்டங்களுக்குள் நுழைந்து, ஓடையில் இறங்கி ஏறி, தாண்டிக்குடி வரை போய், வேறு வழியாகத் திரும்பி வர ஒரு வாரம். இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற மலையை அவள் பிறந்ததிலிருந்து மாடியிலிருந்தே பார்த்துவிட்டாள். கொடைக்கானலுக்கு இரண்டு தடவை போயிருக்கிறாள், அது மலையா, அது கடை. பூ, படகு, சாக்லேட், குரங்கு. இது வேறு. இதில் இரவு கூடாரத்தில் படுக்க வேண்டும், அட்டை கடிக்கும், காட்டுமாடு குறுக்கே நிற்கும், காட்டுமாடு நின்றால் ஓடக்கூடாது, நின்று அது போகிறவரைக்கும் மரியாதையாக வழிவிட வேண்டும் என்று பிலோமினா சொன்னாள். மரியாதையாக வழிவிடுவதில் தனக்கு நல்ல பழக்கம் உண்டு என்று அம்சவேணி நினைத்துக்கொண்டாள். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த செண்பகம் இவளைப் பார்த்ததும் கையிலிருந்த போர்வையோடு சுவருக்கே வந்துவிட்டாள். "என்னக்கா, பட்டாளத்துல சேந்துட்டீங்களா?" என்றாள். மலைக்குப் போகலாமா என்று பார்க்கிறேன், ஒரு வாரம், அருளப்பன் அண்ணன் வீட்டோடு என்று அம்சவேணி நிற்காமலே சொன்னாள், நின்றால் கேள்வி நீளும். நிற்காவிட்டாலும் நீண்டது. தொட்டியைச் சுற்றிவிட்டு அவள் திரும்பி வரும்வரை காத்திருந்து செண்பகம் கேட்டாள்: "அப்ப அண்ணனை யாருக்கா பாத்துக்குவா?" அதானே. மருந்துக் கடைக்காரர் அதைக் கேட்டார், கீரைக்காரி கேட்டாள், ஓசூரிலிருந்து மகள் போனில், போயிட்டு வாம்மா என்று முதல் வார்த்தையிலேயே சொன்னவள், இரண்டாவது வார்த்தையாக அதைத்தான் கேட்டாள். அவருடைய தங்கை நாச்சம்மாள் வருகிறாள், ஒரு வாரம் இருப்பாள், எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எல்லாரிடமும் ஒரே பதிலை ஒப்பித்தாள். நாச்சம்மாள் படுத்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. வருஷா வருஷம் அவர் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போனாரே, தை பிறந்து பொங்கல் பானை காயுமுன்னே கிளம்பிவிடுவாரே, அப்போது இதே செண்பகம் இதே சுவரில் நின்று, வேணியக்காவை யாரண்ணே பாத்துக்குவா என்று ஒரு தடவையாவது கேட்டாளா. மகளுக்கு அம்மை போட்டிருந்த வருஷம்கூடப் போனார். போகட்டுமா என்று கேட்டார், கேட்டபோதே காலில் ஷூ இருந்தது.

கல்லைப் பற்றி நினைக்கக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். கொடிக்கயிற்றுக்குக் குனிகிற ஒவ்வொரு முறையும் அந்த நினைப்பும் கூடவே குனிந்து கூடவே நிமிர்ந்தது. மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பக்கூடாது, விளங்காது என்பார்கள். கிளம்பித்தான் ஆக வேண்டுமென்றால் வாசலில் கிடக்கிற கல் ஒன்றை எடுத்து, இவன் நாலாவது ஆள் என்று பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். அவர்கள் மூன்று பேர். இவர், அருளப்பன், சாகுல். அருளப்பன் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர், சாகுல் ஐந்து வேளையும் தொழுகிறவர், இருந்தாலும் கல் இல்லாமல் வண்டி நகர்ந்ததில்லை. "எங்கம்மா சாகுற வரைக்கும் கையில ஜெபமாலையோட இருந்தவ, அவளே மூணு பேரா போகாதடாம்பா" என்பார் அருளப்பன். "கல்லு நல்ல ஆளுப்பா, சோறு கேக்காது, குறட்டை விடாது" என்பார் சாகுல். ஒவ்வொரு வருஷமும் இந்த வீட்டு வாசலில் குனிந்து, செம்பருத்திச் செடி மூட்டில் ஒரு கல்லைப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, இவர் தன் பையில் வைத்துக்கொள்வார். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போதெல்லாம் அது அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. இந்த வருஷம் பிலோமினா ரிட்டயர் ஆகிவிட்டாள், நானும் வருகிறேன் என்று கிளம்பினாள். அருளப்பன், பிலோமினா, சாகுல். மறுபடியும் மூன்று. போன வாரம் மூவரும் இவரைப் பார்க்க வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில், "அப்ப இந்த வருஷமும் கல்லுதான்" என்று சாகுல் சொன்னார். இவர் கட்டிலில் சாய்ந்தபடியே, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்து, "கல்லு... எதுக்கு? வேணி... வரட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். காப்பித் தட்டோடு நின்ற அவளும் சிரித்தாள். தட்டைக் கொண்டுபோய்க் கழுவுகிற இடத்தில் போட்டபிறகுதான் அது குத்தியது. இத்தனை வருஷமும் நாலாவது ஆளுக்கு ஓர் இடம் அந்த வண்டியில் காலியாகத்தான் இருந்திருக்கிறது. அதில் கல் போயிருக்கிறது. கல் பாச்சலூர் பார்த்திருக்கிறது, தாண்டிக்குடிக் கோவில் பார்த்திருக்கிறது, ஓடைக்கரையில் படுத்திருக்கிறது. அவள் இங்கே அவருடைய துணியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். கூப்பிடத் தோன்றவில்லையா, கூப்பிட்டால் வரமாட்டாள் என்று நினைத்தாரா, கல்லே தேவலை என்று இருந்துவிட்டாரா. கோபம் வந்தது. இரண்டு வருஷமாகக் கோபப்படக்கூடாத ஆளாக ஆகிவிட்ட ஒருவர்மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வேகமாக நடந்தாள். ஷூ குதிகாலைக் கடித்தது. கடிக்கட்டும்.

ஆனால் அந்தக் கோபம் முழுக் கோபமும் இல்லை, அதையும் அவளே ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் திரும்பி வருகிற நாள் ஒன்று உண்டு. தாடியோடு, புகை வாசனையோடு, மலைவாழைத் தாரைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார்; காலில் அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம் நிற்காமல் கசிந்திருக்கும்; கண் மட்டும் வேறு யாருடைய கண்ணோ மாதிரி தெளிவாக இருக்கும். வீட்டுக்குள் வந்து கூடத்தில் நின்று சுவரையும் மின்விசிறியையும் அவளையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். எங்கே வந்திருக்கிறோம் என்று பார்ப்பது போல. அந்தப் பார்வை ஒரு நாள், இரண்டு நாள் இருக்கும், பிறகு ஆபீஸ் போய்வந்தால் போய்விடும். அந்தப் பார்வையைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த மலைமேல் ஆசை வந்தது, கதைகளைக் கேட்டு அல்ல. கதைகளை அவர் அவளிடம் சொன்னதும் இல்லை, வருகிறவர் போகிறவரிடம் கூடத்தில் சொல்லுவார், அவள் அடுப்படியில் நின்று கேட்பாள். பாச்சலூருக்கு மேலே ஓரிடத்தில் விடிகாலையில் மேகம் காலுக்குக் கீழே கிடக்குமாம், அதில் இறங்கி நடந்தால் முன்னால் போகிறவர் முதுகு தெரியாதாம். யாருக்கும் யாரும் தெரியாத இடம் ஒன்று இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. மணி அடிக்கிறதா? நின்று கேட்டாள். இல்லை, தெருவில் ஐஸ்காரன். மறுபடி நடந்தாள். மூன்று வேளை மாத்திரை, ரத்தம் நீர்க்க ஒன்று, பிரஷருக்கு ஒன்று, இரவில் கால் இழுக்காமல் இருக்க ஒன்று. இரண்டு நாள் முன்னே வந்துபோன நாச்சம்மாளிடம் டப்பாவில் கிழமை வாரியாகப் பிரித்துக் காட்டியாயிற்று. தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, கக்கத்தில் கை கொடுக்க வேண்டும், முழங்காலால் அவருடைய முழங்காலுக்கு அண்டை கொடுக்க வேண்டும். செய்து காட்டியாயிற்று. நாச்சம்மாள் தலையாட்டினாள், ஆட்டும்போது கண் டிவியில் இருந்தது. விழுந்துவிட்டால்? ராத்திரி மணியை அடித்து அடித்து அவள் எழவில்லை என்றால், அங்கே மலையில் போனும் எடுக்காது, ஒருநாள் கழித்துத் தோட்டத்து ஆள் ஒருவர் ஓடிவந்து, திண்டுக்கல்லிலிருந்து தகவல் என்று சொன்னால்? இதையெல்லாம் நினைத்தாள். நிஜமாகவே பயந்தாள். ஆனால் இந்தப் பயத்துக்குள் நின்றுகொள்வது ஒருவகையில் வசதியாகவும் இருந்தது, எல்லாரும் ஒத்துக்கொள்கிற பயம் இது, வெளியில் சொல்லலாம், சொன்னால் ஐயோ பாவம் என்பார்கள். இதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த இன்னொன்றை யாரிடம் சொல்ல.

ஐப்பசியில் ஒருநாள். பிசியோதெரபிக்காரர் எழுதிக்கொடுத்த ரப்பர் பட்டையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக வந்துகொண்டிருந்தாள், மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்க இடம் தேடி நின்ற இடத்தில் தாண்டிக்குடி பஸ் நின்றது. பஸ்ஸுக்குள் மழையில் நனைந்த மனிதர்கள், கோழிக்கூடை, மண்ணெண்ணெய் வாசனை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறும்மா ஏறும்மா, கெளம்பிருச்சு" என்றார். அவள் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் என்ன சொல்வது. கால் வைத்தது. கம்பியைக் கை பிடித்தது. கம்பி ஈரமாக, ஜில்லென்று இருந்தது. அந்தக் கணம் அவள் மனசில் கட்டில் இல்லை, மணி இல்லை, திருமலைசாமி என்று ஒருவர் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை, ஐயோ அவரை விட்டுவிட்டுப் போகிறோமே என்று தவித்திருந்தால் அது பாசம். அவர் சுத்தமாக இல்லவே இல்லை. உடம்பு முழுக்க ஒரு காற்று வந்து போயிற்று. "எங்கம்மா போகணும்?" என்று கண்டக்டர் கேட்டதும்தான் எல்லாரும் திரும்பி வந்தார்கள், கட்டிலும் மணியும் அவரும். "இது பழனி பஸ் இல்லையா?" என்று உளறிவிட்டு இறங்கினாள். போர்டைப் பார்த்து ஏறக்கூடாதா என்று அவர் திட்டினார். வீட்டுக்கு வந்து ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி அவருடைய கையை இழுத்து இழுத்து விட்டாள், ஒன்று, இரண்டு என்று எண்ணினாள், அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு காலை வைத்ததற்கே அப்படி. இப்போது இரண்டு காலையும் வைத்து, ஒரு வாரம், மேகத்துக்குள் இறங்கி. ஏழாம் நாள் ஆடலூரில் வண்டிப் பக்கம் வந்து நிற்கும்போது, ஏறத் தோன்றாவிட்டால்? ஏறாமல் எங்கே போவாள், போக்கிடம் எது, காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போவாளா, அதெல்லாம் நடக்காது, எல்லாரும் ஏறினால் அவளும் ஏறுவாள்தான். ஆனால் உடம்பை ஏற்றிக்கொண்டு வந்து, மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டால், பிறகு இந்த மாடிப்படி, இந்தக் கட்டில், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குகிற இந்த வேலை எல்லாம் எப்படிச் செய்வது. இப்போது செய்கிறாளே, அது ஒரு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் தெரிந்துவிடும். அவர் போனால் திரும்பி வந்தார், அவருக்கு வீடு இருந்தது, சோறு இருந்தது, கதை கேட்க ஆள் இருந்தது. அவள் திரும்பி வந்தால் என்ன இருக்கிறது என்று கேட்கிற இந்த மனசை ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. அவரை நினைத்தால் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது, அதுவேறு வெட்கமாக இருந்தது.

பையில் ஏதோ ஒன்று முதுகெலும்பில் குத்திக்கொண்டே வந்தது. தோள்பட்டையை ஏற்றியும் இறக்கியும் பார்த்தாள். பட்டைகள் எல்லாம் அவருடைய உயரத்துக்கு இருந்தவை, என்ன இழுத்தாலும் பை இடுப்புக்குக் கீழே தொங்கியது. கடைசியில் தொட்டி நிழலில் இறக்கி வைத்து, அரிசிப் பையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, குத்துவது எது என்று உள்ளே கையை விட்டாள். பிளாஸ்க். மலைக்கு எதற்குப் பிளாஸ்க் என்று எடுத்து வைத்தாள். அடுத்து ஒரு சில்வர் டம்ளர், ஒரு ஸ்பூன், ஒரு பிளாஸ்டிக் மக். பழைய வேட்டி இரண்டு, கிழித்துத் துடைக்க ஆகும் என்று எப்போதும் எடுத்து வைப்பது. கட்டில் விரிப்பு. ரப்பர் ஷீட்டு. கீழே, பையின் அடிமடியில், ரப்பர் பாண்டு போட்டுச் சுருட்டிய ஸ்கேன் படமும் ரிப்போர்ட்டும். தன்னுடையது என்று அதில் இருந்தது ஒரு சீப்பு. நேற்று இரவு, மலைக்கு வேண்டியதை எடுத்து வை என்று தன்னிடம் தானே சொல்லிக்கொண்டு அலமாரியைத் திறந்தவள், நாச்சம்மாளிடம் போனில் பேசிக்கொண்டே கைபோன போக்கில் கட்டியிருக்கிறாள். இரண்டு வருஷத்தில் அவள் கட்டிய பையெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கட்டியதுதான். கைக்குப் பை என்றால் அது ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. முதலில் சிரிப்பு வந்தது. காட்டுமாடு எதிரே வந்து நிற்கிறது, அம்சவேணி மரியாதையாக ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து அதனிடம் நீட்டுகிறாள், அப்படி ஒரு படம் தோன்றி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சீப்பைக் கையில் எடுத்தாள். பல் இரண்டு உடைந்த சீப்பு. அதைப் பார்த்ததும் அழுகை வந்தது, தொட்டியில் சாய்ந்து, வெள்ளை ஷூக் கால்களை நீட்டிக்கொண்டு, செண்பகம் வீட்டு மாடியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நன்றாகவே அழுதாள். நிறைய நேரம் அழவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஒரு காதைக் கீழே வைக்க மறந்துவிட்டாள். அது உறைத்ததும் அழுகை பட்டென்று நின்றது.

மணி அடித்ததா? எப்போதிலிருந்து அடிக்கவில்லை? மத்தியானத் தூக்கம் முடிந்தால் தண்ணீருக்கு அடிப்பார், ஒன்றுக்குப் போக அடிப்பார், சும்மாவும் அடிப்பார். இன்றைக்கு ஒரு தடவைகூட இல்லை. சாமான்களை அப்படியே போட்டுவிட்டு, காலியான பையை என்னவோ ஒரு தோளில் மாட்டிக்கொண்டே படியில் இறங்கினாள். பாதிப் படியில் திரும்பியதும் கீழே அவரைப் பார்த்தாள். கட்டிலில் இல்லை. படிக்கட்டின் முதல் படியில், பிசியோதெரபிக்காரர் பழக்கிவிட்ட கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையால் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கட்டிலிலிருந்து இங்கே வரை, கூடம் முழுக்கக் கடந்து, தனியாக. நெற்றியெல்லாம் வியர்வை. "என்னங்க இது, விழுந்திருந்தா என்ன ஆகிறது, மணி அடிக்கிறதுக்கென்ன?" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். அவர் மேலே பார்த்தார். "நடந்துக்கிட்டே... இருந்தே. சத்தம்... நின்னுபோச்சு" என்றார். "விழுந்துட்டியோன்னு." அவள் நின்றுவிட்டாள். இத்தனை நேரமும் அவர் கூரையைப் பார்த்தபடி அவளுடைய ஷூச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அவருக்கு மேல்படியில், பையோடு, அவளும் உட்கார்ந்தாள். துண்டால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"நான் போகலைங்க" என்றாள்.

"ஏன்?"

"முட்டி வலிக்குது. உங்களை வேற யாரு..."

"முட்டி... இல்லை" என்றார் அவர். விழுந்த கையை நல்ல கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. சொல்லக்கூடாது என்றுதான் அவள் நினைத்தாள், படுத்திருக்கிற மனுஷனிடம் சொல்கிற வார்த்தையா, ஆனால் மாடியில் சுற்றிச் சுற்றி அது தேய்ந்து வழவழப்பாகிப் போயிருந்தது, தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"போனா... திரும்பி வரத் தோணாதோன்னு பயமா இருக்கு."

சொன்னதும் அவருடைய பிடரியைப் பார்த்தாள். நரைத்த முடி, போன வாரம் அவளே வெட்டிவிட்டது, ஒரு பக்கம் கோணல். அந்தத் தலை திரும்பவில்லை. கோபித்துக்கொண்டார், உடைந்துவிட்டார், இனி இதை எப்படித் திரும்ப எடுப்பது என்று நினைத்தாள்.

"எனக்கும்" என்றார்.

"என்ன?"

"அஞ்சாம் நாளு... ஆறாம் நாளு... வரும். வருஷா வருஷம். இப்படியே... நடந்து போயிரலாம்னு." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதான்... உன்னைக் கூப்பிடலை. நீயும் வந்துட்டா... அங்கேயும் வீடுதானே."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவர். கோபப்பட வேண்டிய இடம் இதுதான், ஆனால் அந்த ஈரக் கம்பி உள்ளங்கையில் ஜில்லென்று வந்து நின்றது, கோபத்துக்கு வழியில்லாமல் போயிற்று. இருந்தாலும் ஒன்றைக் கேட்டே தீர வேண்டியிருந்தது. மகள் ஞாபகம் வந்துவிடும் என்பார், உன் முகம் ஞாபகம் வந்துவிடும் என்பார், அப்படி ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு அதைப் பிடித்துக்கொண்டே வந்துவிடலாம்.

"பிறகு எப்படித்தான் வந்தீங்க?"

திருமலைசாமி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், வாயின் நல்ல பாதி கொஞ்சம் கோணிற்று.

"வண்டி... அருளப்பனோடது. அவன் கெளப்பிட்டான்... ஏறிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மலை எறங்குறப்ப... பசிக்கும்" என்றார். "வீட்ல... நீ ரசம் வச்சிருப்பேன்னு... நினைச்சுக்குவேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒன்று வைக்கலாமா, அந்தத் தலையை மடியில் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரே சமயத்தில் தோன்றியது. வாசலில் ஹாரன் கேட்டது. அருளப்பனுடைய ஹாரன், இரண்டு தடவை அடித்துவிட்டுத்தான் இறங்குவார். அவர் கேட்டைத் திறந்துகொண்டு, செருப்பை உதறிவிட்டு, கூடத்துக்குள் எட்டிப் பார்த்து, படிக்கட்டில் இரண்டு பேரும் மேலும் கீழுமாய் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அப்படியே நின்றார். "என்னப்பா, திருமலை எந்திரிச்சு நடக்கிறானா?" என்றார். பிறகு அவள் தோளில் தொங்கிய காலிப் பையைப் பார்த்தார். "என்னம்மா வேணி, பேரு குடுத்துரலாமா? இல்ல கல்லைப் பொறுக்கவா?"

"வர்றேண்ணே" என்றாள் அம்சவேணி. எழுந்தாள். ஷூ குதிகாலை வெட்டியிருந்தது, ஒரு காலை நொண்டினாள். "ஒண்ணு மட்டும் செய்யுங்க. ஏழாம் நாளு என்கிட்ட எதுவும் கேக்காம வண்டியைக் கெளப்பிருங்க."

அருளப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் நண்பனைப் பார்த்தார். திருமலைசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அவள் குனிந்து, கக்கத்தில் கை கொடுத்து, அவரைத் தூக்கி நிறுத்தினாள்.